வாரத்தில் ஐந்து நாள் வைத்தியம்

2005 ஆகஸ்ட் மாதக் கடைசியில் இஸ்ரேலின் ஹாட் கேபிள் நிறுவனம் ஒரு புதுத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. பெயர் 'பெடிபுல்'. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். ரூவென் தகான் என்ற நடுத்தர வயதைக் கடந்த உளவியல் சிகிச்சையாளர் தன் வீட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவார். அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது, நோயாளி சொல்லும் பழைய சம்பவத்தைக் கண்முன் விரித்துக் காட்டும் பிளாஷ்பேக்கூடக் கிடையாது. நான்கு நாள் நோயாளிகளின் முறை. ஐந்தாம் நாள் சிகிச்சையாளரே கிளம்பித் தனக்கு மூத்தவரான கீலா என்ற அம்மாளிடம் போய், அந்த வாரம் தான் பட்ட பாட்டையெல்லாம் கொட்டுவார். அடுத்த வாரம் மறுபடி முதல் ஆள்.

இதை யார் பார்ப்பார்கள் என்று எந்தத் தயாரிப்பாளரும் கேட்டிருப்பார். பார்த்தார்கள். முதல் சீசன் 45 எபிசோடுகள், இரண்டாவது 35. அமெரிக்கா, செர்பியா, ருமேனியா, நெதர்லாந்து, போலந்து, செக் குடியரசு, ஹங்கேரி, அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, ஜப்பான், பிரான்ஸ் என்று நாடு நாடாக அதே அறை புதிதாகக் கட்டப்பட்டது. பார்த்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. தொழிலில் இருப்பவர்கள் விடைத்தாள் திருத்துவதுபோல் பார்த்தார்கள். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஊர்ப் பஞ்சாயத்துபோல் பார்த்தார்கள். இரு தரப்பும் கோபப்பட்ட இடம் ஒன்றுதான்: சிகிச்சையாளர் சறுக்கும் இடம். அந்தக் கோபத்தை நம்பித்தான் தொடரே எழுதப்பட்டது.

மனநல வைத்தியரைத் திரையில் காட்டலாமா என்ற வழக்கு தொலைக்காட்சியைவிட மூத்தது. 1925-ல் ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், வியன்னாவில் இருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். உலகப் புகழ் பெற்ற காதல் கதைகளைப் படமாக்க யோசனை சொன்னால் போதும். பிராய்டு சந்திக்கவே மறுத்துவிட்டார். அதே ஆண்டு பெர்லினில் அவருடைய சீடர்களான கார்ல் ஆப்ரகாமும் ஹான்ஸ் சாக்ஸும் ஊஃபா நிறுவனத்தின் படம் ஒன்றுக்கு ஆலோசனை சொல்ல ஒப்புக்கொண்டார்கள். மனப்பகுப்பாய்வின் நுட்பங்களைப் படமாக வார்த்துக் காட்ட முடியாது என்பது பிராய்டின் கட்சி. நாம் செய்யாவிட்டால் விவரம் தெரியாத யாராவது செய்துவிடுவார்கள் என்பது ஆப்ரகாமின் கட்சி. குருவுக்கும் சீடருக்கும் கசப்பு வளர்ந்தது. அந்த டிசம்பரில் ஆப்ரகாம் இறந்துபோனார். ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கிய அந்தப் படம், 'ஒரு ஆன்மாவின் ரகசியங்கள்', 1926-ல் வெளியானது. கத்தியைத் தொடவே பயப்படும் ஒருவனின் கதை அது. ஊமைப்படம் என்பதால், பேச்சை மட்டுமே மருந்தாகக் கொண்ட சிகிச்சை பேச்சே இல்லாமல் திரைக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஹாலிவுட் இந்தத் தொழிலை விடவில்லை. ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' (1945) படத்தில் இங்ரிட் பெர்க்மன் மனநல மருத்துவர். நோயாளி மேல் காதல் கொள்கிறார். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், தனக்கே சிகிச்சை தந்த மே ராம் என்ற மருத்துவரைப் படத்துக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டார் என்பது இதில் தனி வேடிக்கை. 1991-ல் 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' படத்தில் பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கும் நோயாளியின் சகோதரன்மேல் காதல். சினிமாவில் பெண் மருத்துவர் என்றால் காதலில் விழுந்தே ஆக வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் கிளென் கபார்ட். சினிமாவும் மனநல மருத்துவமும் பற்றித் தன் சகோதரரோடு சேர்ந்து 1987-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

தொலைக்காட்சிக்கு வந்தபோது இந்தத் தொழில் பெரும்பாலும் சிரிப்புக்குப் பயன்பட்டது. 1972 முதல் 1978 வரை சி.பி.எஸ். அலைவரிசையில் ஓடிய 'தி பாப் நியூஹார்ட் ஷோ'வில் சிகாகோ நகரத்து உளவியலாளர் ஒருவர் நோயாளிகளிடம் படும் பாடுதான் நகைச்சுவை. தொழில்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது 1999-ல், எச்.பி.ஓ.வின் 'தி சோப்ரானோஸ்' வந்தபோது. நியூ ஜெர்சி மாஃபியா தலைவன் டோனி சோப்ரானோ திடீர் திடீரென மயங்கி விழுகிறான். ஜெனிஃபர் மெல்ஃபி என்ற பெண் மருத்துவரிடம் போகிறான். வாரா வாரம் அவர் என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்று 'ஸ்லேட்' இதழில் கபார்ட் உள்ளிட்ட மனநல வல்லுநர்கள் கூடி விவாதித்தார்கள். ஒரு கற்பனை மருத்துவருக்கு நிஜ மருத்துவர்கள் மதிப்பெண் போட்டது அப்போதுதான் வழக்கமானது.

2001-ல் மெல்ஃபி வன்கொடுமைக்கு ஆளானதாக ஒரு எபிசோட் வந்தது. டோனியிடம் ஒரு வார்த்தை சொன்னால் குற்றவாளியின் கதை அன்றே முடிந்துவிடும். அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று ரசிகர்களில் ஒரு கூட்டம் கொதித்தது. சொல்லாததுதான் தொழில் தர்மம் என்று இன்னொரு கூட்டம் வாதாடியது. கடைசி சீசனில், 2007-ல், பேச்சுச் சிகிச்சை குற்றவாளிகளை மேலும் கெட்டிக்காரர்களாக்குகிறது என்று ஒரு ஆய்வைப் படித்துவிட்டு மெல்ஃபி ஒரே நாளில் டோனியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அதைவிட அதற்கு முன் வந்த விருந்துக் காட்சிதான் பலருக்கு உறுத்தியது. ஒரு சக மருத்துவர், சாப்பாட்டு மேசையில் எல்லார் காதிலும் விழும்படி, மெல்ஃபியின் நோயாளி யார் என்று போட்டு உடைப்பார். மாஃபியாக்காரன் செய்யும் கொலைகளைப் பொறுத்துக்கொண்ட பார்வையாளர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை!

இப்படி ஒரு தொடர், மாஃபியாவின் துணைகூட இல்லாமல், அறையை மட்டும் நம்பி இஸ்ரேலில் பிறந்ததற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1920-ல் பெர்லினில் மனப்பகுப்பாய்வுக்கான முதல் இலவச மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. பெரும்பகுதிச் செலவைத் தன் கைப்பணத்திலிருந்து கொடுத்தவர் மாக்ஸ் ஐட்டிங்கன். மென்மயிர்த் தோல் வியாபாரத்தில் பணம் சேர்த்த குடும்பத்துப் பிள்ளை. இந்தத் தொழிலைக் கற்பவர் தானும் ஒரு மூத்தவரிடம் நோயாளியாகப் படுக்க வேண்டும், தன் நோயாளிகளைப் பற்றி ஒரு மூத்தவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் அங்கேதான் விதியாக உருவெடுத்தது. 1933-ல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் யூதரான ஐட்டிங்கன் ஜெருசலேமுக்குக் குடிபெயர்ந்து, தன்னைப் போலத் தப்பி வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார். 1943-ல் அங்கேயே காலமானார். பெடிபுல் தொடரில் ரூவென் வாராவாரம் கீலாவின் வீட்டுப் படியேறுவது ஐட்டிங்கன் கொண்டுவந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

தொடரை உருவாக்கிய ஹகாய் லெவி சமயப் பற்று மிகுந்த கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணை ஒன்றில் வளர்ந்தவர். உளவியல் படித்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். அவரோடு ஓரி சிவான், நிர் பெர்க்மன் என்ற இருவர் சேர்ந்தார்கள். கதாபாத்திரத் தேர்வில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. ரூவெனாக நடித்தவர் அஸ்ஸி தயான். ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிய தளபதி மோஷே தயானின் மகன். அப்பா நாட்டின் வீரச் சின்னம். மகன் போதை, மணமுறிவு, உடல்நலக் கேடு என்று பத்திரிகைகளுக்குத் தீனி போட்டவர், கூடவே நல்ல இயக்குநர். நாட்டின் தறுதலைப் பிள்ளை என்று ஊரே அறிந்த மனிதர் நாற்காலியில் அமைதியாகச் சாய்ந்து மற்றவர் துயரைக் கேட்பதைப் பார்த்த இஸ்ரேலியருக்கு, அந்த முகமே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. மூத்த ஆலோசகராக வந்த கீலா அல்மகோர், மனநோயாளியான தாயிடம் வளர்ந்த தன் குழந்தைப் பருவத்தை 'அவியாவின் கோடை' என்று புத்தகமாக எழுதியவர். அது 1988-ல் படமாகவும் வந்தது. வேறு நாட்டில் எவ்வளவு பெரிய நடிகரைப் போட்டாலும் இந்த இரண்டு முகங்களின் கனம் வராது.

வரத்தான் இல்லை. ஆனால் வேறொன்று வந்தது.

2008 ஜனவரி 28, திங்கட்கிழமை. எச்.பி.ஓ. 'இன் ட்ரீட்மென்ட்' என்ற பெயரில் அமெரிக்க வடிவத்தைத் தொடங்கியது. அதைத் தழுவி எழுதிக் கொண்டுவந்தவர் ரோட்ரிகோ கார்சியா. எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் மகன். சிகிச்சையாளர் பால் வெஸ்டனாக அயர்லாந்து நடிகர் கேப்ரியல் பிர்ன். ஒன்பது வாரம், 43 எபிசோடுகள், வேலை நாள் ஐந்திலும் இரவில் ஒளிபரப்பு. திங்கள் லாரா, செவ்வாய் விமானி அலெக்ஸ், புதன் ஜிம்னாஸ்டிக்ஸ் விளையாடும் பள்ளி மாணவி சோஃபி, வியாழன் சண்டை ஓயாத ஜேக், ஏமி தம்பதி, வெள்ளி பால் போய்ப் பார்க்கும் ஜீனா. யார் கதை பிடிக்கிறதோ அந்தக் கிழமை மட்டும் பார்த்தால்கூடப் புரியும். அதனால் ஒரே தொடருக்கு ஐந்து வகை ரசிகர்கள் உருவானார்கள். புதன்கிழமைக்காரருக்கு வியாழன் தம்பதி வெறும் இரைச்சல். திங்கள்காரருக்கு மற்ற நாளெல்லாம் லாராவுக்கான காத்திருப்பு. பார்த்தவர்கள் தொகை பெரிதல்ல. ஐந்து இரவு ஒரே தொடருக்கு உட்காரும் பழக்கம் பகல் நேர சீரியல் பார்ப்பவர்களுக்குத்தான் இருந்தது, எச்.பி.ஓ. சந்தாதாரர்களுக்கு இல்லை. பார்த்தவர்கள் மட்டும் விடாமல் பார்த்தார்கள். அந்த ஆண்டு எம்மி விருதில் ஜீனாவாக நடித்த டயான் வீஸ்டும், அலெக்ஸின் தந்தையாக வந்த கிளின் டர்மனும் பரிசு பெற்றார்கள். மறு ஆண்டு கோல்டன் குளோப் பிர்னுக்கு.

பெரிய பஞ்சாயத்து திங்கட்கிழமைக்குத்தான். லாரா இளம் மயக்கவியல் மருத்துவர். முதல் நாளே, உங்களைத்தான் காதலிக்கிறேன் என்று பாலிடம் சொல்லிவிடுகிறாள். இதில் புதிதாக எதுவும் இல்லை. சிகிச்சைக்கு வருபவர் தன் பழைய ஏக்கங்களையெல்லாம் எதிரே இருப்பவர் மேல் ஏற்றி வைப்பதும், அது காதல் வடிவம் எடுப்பதும் பற்றி பிராய்டு 1915-லேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அந்தக் காதலைத் தட்டியும் விடக் கூடாது, ஏற்கவும் கூடாது, சிகிச்சைக்கான பொருளாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. பாலுக்கு இது மனப்பாடம். ஆனாலும் அவர் மனைவியோடு ஒட்டாமல் வாழும் மனிதர். வாரம் ஏற ஏறத் தடுமாறுகிறார். வெள்ளிக்கிழமை தோறும் ஜீனா எச்சரிக்கிறார். பால் ஜீனாவையே குறை சொல்கிறார். கடைசி வாரத்தில் லாராவின் வீடு வரை போய்விடுகிறார். மூச்சு முட்டிப் பதற்றம் வந்து திரும்பிவிடுகிறார்.

ஏன் திரும்பினார் என்று ஒரு பாதிப் பார்வையாளர் வருத்தப்பட்டார்கள், ஏன் போனார் என்று மறு பாதி. சாதாரண ரசிகருக்கு இது ஒரு காதல் கதை. நல்ல மனிதர், நல்ல பெண், சேர்ந்தால் என்ன? தொழிலில் இருப்பவர்களுக்கு இது உரிமம் பறிபோகும் விவகாரம். அமெரிக்க உளவியலாளர் சங்கம் 1992-ல் வகுத்த நெறிப்படி, சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டு கழியாமல் முன்னாள் நோயாளியோடு உடலுறவு கூடாது. கழிந்த பிறகும் மிக அரிதான சூழலில்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அடுத்த ஆண்டே ஒருபடி மேலே போய், முன்னாள் நோயாளி என்றாலும் எப்போதுமே தவறு என்றது. இந்த விதிகள் பலர் வாழ்க்கை கெட்ட பிறகு வந்தவை. அதனால்தான் லாராவும் பாலும் சேர வேண்டும் என்று தவித்த ரசிகர்களைக் கண்டு சிகிச்சையாளர்கள் பதறினார்கள். பார்வையாளரையே அந்த மயக்கத்துக்குள் இழுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஜீனாவின் வாயால் உலுக்கி எழுப்புவதுதான் லெவியின் உத்தி. அந்த உலுக்கலை விரும்பாதவர்கள் ஜீனாவை வெறுத்தார்கள். டயான் வீஸ்டின் நடிப்புக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

தொழில்காரர்கள் எழுப்பிய மற்றக் குறைகளும் நியாயமானவைதான். ஐம்பது நிமிட அமர்வை அரை மணியில் அடக்குகிறார்கள். மாதக்கணக்கில் மௌனமாகவும் அலுப்பாகவும் போகும் சிகிச்சையில் இங்கே வாரம் ஒரு பூகம்பம் வெடிக்கிறது. பால் அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறார், தன்னைப் பற்றியும் உளறுகிறார், கோபம் வந்தால் நோயாளியின் சட்டையையே பிடிக்கிறார். அதே ஆட்கள்தான் இந்தத் தொடரை வகுப்பறைக்கும் கொண்டுபோனார்கள். சிகிச்சையாளருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் சொல்லி முடிக்கும். பிர்னின் முகத்தில் அது அரை மணி நேரம் ஓடும். பேசுபவர் முகத்தைவிடக் கேட்பவர் முகத்தில் கேமரா நிற்பது தொலைக்காட்சியில் அரிது.

நாடு மாறும்போதெல்லாம் அதிகம் மாறியது இரண்டாம் நாள் வருபவரின் கதை. காதல் வயப்பட்ட பெண்ணும் சண்டைக்காரத் தம்பதியும் எந்த ஊருக்கும் பொருந்துவார்கள். விளையாட்டுக்காரச் சிறுமியும் அப்படியே; இஸ்ரேலில், அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ், பிரான்ஸில் நீச்சல். ஆனால் இரண்டாம் நாள் வருபவர் கையில் துப்பாக்கி பிடித்தவர். அவர் யாரைக் கொன்றார் என்பதில்தான் அந்த நாட்டின் புண் தெரியும். இஸ்ரேலில் அவர் யாதின் என்ற போர் விமானி. வீசிய குண்டில் பாலஸ்தீனக் குழந்தைகள் இறந்துபோனார்கள். இது வெறும் கற்பனை என்று அந்த ஊர்ப் பார்வையாளர் எவரும் நினைத்திருக்க முடியாது. 2002 ஜூலையில் காஸாவில் ஹமாஸ் தலைவர் ஒருவரைக் குறிவைத்து வீசிய ஒரு டன் குண்டில் குழந்தைகள் பலர் இறந்ததும், மறு ஆண்டு 27 விமானிகள் இத்தகைய தாக்குதலுக்கு இனிப் போக மாட்டோம் என்று கையெழுத்திட்டு அறிவித்ததும் எல்லாருக்கும் நினைவில் இருந்தது. லியோர் அஷ்கெனாசி நடித்த அந்த விமானி, தனக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை என்று முறைப்பாகச் சாதிப்பான். அதுதான் பார்ப்பவரைக் குடைந்தது.

அமெரிக்காவில் அலெக்ஸின் குண்டு பாக்தாத் அருகே மதரஸா ஒன்றில் விழுந்தது. பிளேர் அண்டர்வுட் அவனைக் கர்வமும் காயமும் கலந்த கறுப்பின விமானியாக நடித்தார். அவன் வேலைக்குத் திரும்பிப் பயிற்சிப் பறப்பில் விழுந்து இறக்கிறான். விபத்தா, தற்கொலையா? இரண்டாம் சீசன் முழுக்க அவன் தந்தை பால் மேல் தொடுத்த வழக்கு ஓடுகிறது. பார்வையாளர்களும் அந்த வழக்கில் சாட்சிகள் ஆனார்கள். முதல் சீசனின் செவ்வாய்க்கிழமைகளைத் திரும்பப் பார்த்து, எந்த வாரம் பால் தடுத்திருக்கலாம் என்று தேடியவர்கள் உண்டு.

பிரேசிலில் அதே ஆள் காவல்துறையின் குறிபார்த்துச் சுடும் வீரர் பிரேனோ. இத்தாலியில் குற்றக் கும்பலுக்குள் மாறுவேடத்தில் நுழைந்த காவலர். 2012-ல் அர்ஜென்டினாவின் அரசு அலைவரிசையில் வந்த 'என் தெராப்பியா'வுக்கு வேறொரு சிறப்பு. பியூனஸ் அயர்ஸில் மனப்பகுப்பாய்வு தேநீர் மாதிரி அன்றாடப் பழக்கம். ஒரு வட்டாரத்துக்கே மக்கள் 'வில்லா பிராய்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே சிகிச்சையாளராக நடித்த டியகோ பெரெத்தி நிஜத்திலும் மனநல மருத்துவம் படித்தவர். மூத்த ஆலோசகராக வந்தவர் நோர்மா அலெயாந்த்ரோ. ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் குழந்தைகளைப் பற்றிய 'அதிகாரபூர்வ கதை' (1985) படத்தின் நாயகி. இஸ்ரேல் தயானையும் அல்மகோரையும் தேர்ந்தெடுத்த சாமர்த்தியத்துக்கு அருகே வந்தது இந்த நாடு ஒன்றுதான்.

பிரான்ஸ் மிகப் பிந்தி வந்து மிகப் பெரிய கூட்டத்தைப் பிடித்தது. எரிக் தொலெதானோவும் ஒலிவியே நகாஷும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் ஆர்ட்டே அலைவரிசைக்காகக் கொண்டுவந்த 'என் தெராப்பி', 2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதலுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. அந்த இரவில் 130 பேர் கொல்லப்பட்டார்கள், பட்டாக்லான் அரங்கில் மட்டும் 90 பேர். காயம்பட்டவர்களுக்கு விடிய விடிய அறுவை சிகிச்சை செய்த ஆரியான் முதல் நோயாளி. இரண்டாம் நாள் வருபவர் அதெல் ஷிபான். அரங்குக்குள் நுழைந்த சிறப்புக் காவல் பிரிவைச் சேர்ந்தவர், பூர்வீகம் அல்ஜீரியா. சிகிச்சையாளர் பெயர் பிலிப் தயான். 2014-ல் மறைந்த அஸ்ஸி தயானுக்கு அஞ்சலி அது. கோவிட் ஊரடங்கில் மாலையானால் வீட்டுக்குள் அடைந்துகிடந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆர்ட்டேவின் இணையத்தில் கோடிக்கணக்கான முறை அந்த எபிசோடுகளைத் திறந்து பார்த்தார்கள். தயான் இவ்வளவு பேசலாமா, நிஜ மனப்பகுப்பாய்வாளர் வாயே திறக்க மாட்டாரே என்று பாரிஸின் தொழில்காரர்கள் முணுமுணுத்தார்கள். வீட்டில் அடைந்துகிடந்தவர்களுக்கோ பேசும் சிகிச்சையாளர்தான் வேண்டியிருந்தது. உளவியலாளரிடம் போகும் செலவை அரசுக் காப்பீடு ஏற்கும் என்ற அறிவிப்பை அதிபர் மக்ரோன் அதே ஆண்டு வெளியிட்டார். அது நடைமுறைக்கு வந்தது 2022-ல். தொடருக்கு அதில் பங்கு என்று சொல்வது மிகை. பெருந்தொற்றே போதுமான காரணம்.

2021 மே மாதம் எச்.பி.ஓ.வும் நான்காம் சீசனோடு திரும்பி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் புரூக் டெய்லர் என்ற கறுப்பினப் பெண் சிகிச்சையாளராக உஸோ அடூபா. ஒரு நோயாளி வீடியோ அழைப்பிலேயே சிகிச்சை பெறுவார். அடூபாவின் நடிப்பில் குறை சொல்ல முடியாது. பழைய ரசிகர்களோ பாலைக் கொண்டா என்றார்கள்.

இந்த நாற்பது, ஐம்பது நோயாளிகளில் இந்திய வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர், 2010-ல் வந்த மூன்றாம் சீசனின் சுனில். பெடிபுல் இரண்டு சீசனோடு முடிந்துவிட்டதால், இங்கே அமெரிக்க எழுத்தாளர்கள் சொந்தமாகக் கதை பண்ண வேண்டியிருந்தது. சுனில் கல்கத்தாவில் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்ததும் புரூக்ளினில் மகன் வீட்டுக்கு வந்து சேர்கிறார். மருமகள் ஜூலியா அமெரிக்கப் பெண். மாமனார் குளிப்பதில்லை, பேசுவதில்லை, வெறித்துப் பார்க்கிறார் என்று மகனும் அவளுமாகப் பாலிடம் கூட்டி வருகிறார்கள். எழுத்தாளர் ஜும்பா லாஹிரி இந்தப் பாத்திரத்துக்கு ஆலோசனை தந்தார். நடித்தவர் இர்ஃபான் கான்.

கல்கத்தாக்காரருக்கு மனப்பகுப்பாய்வு தெரியாது என்று அமெரிக்கப் பார்வையாளர் நினைத்திருக்கலாம். கிரீந்திரசேகர் போஸ் அந்த ஊரில் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியது 1922-ல், ஐட்டிங்கன் ஜெருசலேமுக்கு வருவதற்குப் பதினோரு ஆண்டு முன்பு. பிராய்டோடு கடிதத்தில் சரிக்குச் சரி வாதாடியவர் அவர். பிராய்டின் 75-ம் பிறந்த நாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று போனது. அது அவருடைய மேசையில் இருந்தது.

சுனில் பாலோடு தேநீர் குடிக்கிறார், சிகரெட் சுருட்டுகிறார், நண்பராகிறார். வாரம் செல்லச் செல்ல ஜூலியா மேல் அவருக்கு இருக்கும் கோபம் பேச்சில் பயங்கரமாகிறது. அவளை ஏதாவது செய்துவிடுவாரோ என்று பாலுக்குச் சந்தேகம் வருகிறது. பால் ஜூலியாவை எச்சரிக்கிறார். காவல்துறை வருகிறது. கடைசி எபிசோடில், தடுப்புக் காவலில் இருக்கும் சுனிலைப் பால் பார்க்கப் போகும்போது உண்மை தெரிகிறது. ஊருக்குப் போக வேறு வழியில்லை என்று சுனில் தெரிந்தே அந்தப் பேச்சையெல்லாம் பேசியிருக்கிறார். நாடு கடத்தட்டும் என்பதே அவர் கணக்கு.

பால் ஏன் வாயைத் திறந்தாக வேண்டியிருந்தது என்பதற்குப் பின்னால் ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. 1969-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்த ஒரு மாணவர், தன்னைக் காதலிக்காத பெண்ணைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு யாருமே சொல்லவில்லை. அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள். பெற்றோர் தொடுத்த டரசாஃப் வழக்கில் 1976-ல் மாநில உச்ச நீதிமன்றம், நோயாளியால் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காப்பாற்றும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் பிற மாநிலங்களும் இதை ஒட்டி விதிகள் செய்தன. அந்த மாணவர் வங்காளத்திலிருந்து போனவர். தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானதும், இந்தியாவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார். சுனில் ஊர் திரும்பியதும் இதே விதியின் வழியாகத்தான்.

சுனிலைப் பற்றிப் பார்வையாளர் கருத்து இரண்டாகப் பிளந்தது. நண்பன் என்று நம்பிய மனிதரை ஏமாற்றிய கிழவர் என்றார்கள் சிலர். மகன் வீட்டு மாடியில் வேண்டாத சாமானாகக் கிடந்தவருக்கு வேறு என்ன வழி என்றார்கள் மற்றவர்கள். அமெரிக்காவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் இரண்டாவது கட்சிக்கே ஓட்டு அதிகம் விழும். ஏமாந்தது பாலின் தவறு, ஏமாற்றியது சுனிலின் உரிமை என்பது இந்தக் கட்டுரையாளரின் தீர்ப்பு. இர்ஃபான் கான் 2020 ஏப்ரலில் காலமானபோது அவருடைய ஹாலிவுட் படங்களைப் பட்டியலிட்டவர்களில் பலர் இதைக் குறிப்பிடவில்லை. சுனில் வரும் எபிசோடுகள் ஏழுதான். முந்தைய சீசன்களைப் பார்த்திருக்க வேண்டியதும் இல்லை. மொத்தம் மூன்றரை மணி நேரம். வாசகர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், முடிந்தால் வீட்டில் இருக்கும் மாமனாரோடு.